யாரும் படுக்காத ஓய்வறை

ஜூன் 3

மகா கனம் பொருந்திய பெரிய மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையற்காரம்மா எழுதுவது. எழுத்து அவளுடையது, கோபம் என்னுடையது. நடுவில் எங்கேயாவது மரியாதையாக ஒரு வார்த்தை தட்டுப்பட்டால் அது அவளாகச் சேர்த்தது என்று எடுத்துக்கொள்.

போனில் பேசலாமே என்பாய். பஞ்சாலை தின்றுவிட்டு மிச்சம் வைத்த காது இது. நீ போனில் பேசினால் தகர டப்பாவுக்குள் கல் உருளுகிற மாதிரி இருக்கிறது. உன் தங்கை குருவி இங்கே வீட்டில் இருந்தவரை எனக்குக் காதே தேவைப்படவில்லை. அடுத்த வீட்டுச் சண்டையிலிருந்து ஆஸ்பத்திரிக் கூத்து வரைக்கும் கையாலேயே சொல்லிச் சிரிக்கவைப்பாள். வாயும் மூடாது, கையும் ஓயாது. இப்போது ஊரெல்லாம் பரவுகிற இந்தக் காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாதென்று நர்ஸுகள் எல்லாரையும் விடுதியில் அடைத்துவிட்டீர்கள். அது நியாயம். அதற்கு நான் சண்டைக்கு வரவில்லை.

நேற்று உங்கள் ஆஸ்பத்திரி வேன் டிரைவர் தையற்கடையில் சட்டைக்குப் பொத்தான் வைக்க வந்தான். வந்தவன் உன்னைப் பற்றி, "மேட்ரன்னா இவங்கதாம்மா மேட்ரன். காய்ச்சல் வார்டுக்கு ஆள் போடறப்போ சொந்தத் தங்கச்சி பேரைத்தான் முதல்ல எழுதுனாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்கலை" என்றானாம். தையற்காரம்மா மேலே வந்து அதை என் காதில் கத்தினாள். தெருவே கேட்டது. அவனுக்குப் பெருமையாக இருந்திருக்கும். எனக்கு இல்லை.

உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. ஆலைக் குடியிருப்பில் நாம் இருந்தபோது உன் அம்மா உங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ரொட்டி கொடுத்தாள். உனக்குப் பச்சைக் கவுன். குருவிக்கு உன்னுடைய பழைய கவுன், கழுத்தில் ஊக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து நின்றன. நீ உன் ரொட்டியையும் கொடுத்தாய், குருவி கையில் இருந்ததையும் பிடுங்கிக் கொடுத்தாய். பக்கத்து வீட்டுக்காரி உன்னை வாயார மெச்சினாள். குருவி வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உன் ரொட்டியைக் கொடுத்தால் அது உன் பெருந்தன்மை. அவள் ரொட்டியைக் கொடுக்க நீ யார்? அன்றைக்கே கேட்டிருப்பேன், ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது.

அவளை அந்த வார்டிலிருந்து எடு. சும்மா உட்காரவைக்கச் சொல்லவில்லை. பிரசவ வார்டில் போடு, மருந்துக் கிடங்கில் மாத்திரை எண்ணவிடு. நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுது.

அப்பா
(கீழே இருப்பது என் கட்டைவிரல்)

ஜூன் 9

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஊர்க்கதை பேசக் கூடாதென்று டிரைவரைக் கண்டித்துவிட்டேன். கடிதம் கொண்டுவருவதை மட்டும் தடுக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில், முடியாது என்பதுதான். அந்த வார்டுக்குப் போக யாருக்கும் மனமில்லை. தொடக்கத்திலேயே இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். இருப்பவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. அவளைப் பார்த்து "நீ போ" என்று சொல்ல எனக்கு ஒரு முகம் வேண்டாமா? தங்கையை மாத்திரை எண்ண உட்காரவைத்துவிட்டு அந்த முகத்தை எங்கே போய் வாங்குவேன்? ரொட்டிக் கதையை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பசி.

என் ஆட்களை நான் கவனிக்கவில்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். மனநல ஆலோசகர் ஒருவரை வாரந்தோறும் வரவழைக்கிறேன். வார்டு வாசல்களில் "நீங்களே எங்கள் பலம்" என்று தட்டி எழுதி மாட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும்விட எனக்குத் திருப்தி, ஓய்வறை. என் அறைக்கு நேர் எதிரே, பார்வையாளர்கள் காத்திருக்கும் கண்ணாடிக் கூடம் இருந்ததல்லவா, அதைக் காலி செய்து நாலு கட்டில் போட்டிருக்கிறேன். வெள்ளை விரிப்பு, மின்விசிறி, குடிதண்ணீர். யாரும் போய்த் தொந்தரவு செய்யாமல் என் கண்ணிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எதிரே அமைத்தேன். நம்பமாட்டீர்கள், இதுவரை ஒரு விரிப்புகூடக் கசங்கவில்லை. ஆலோசகரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறார். அவ்வளவு உறுதியான பெண்கள். அவர்களைப் பார்த்து எனக்கும் தெம்பு வருகிறது. நானும் குவார்ட்டர்ஸுக்குப் போவதில்லை. எப்போதாவது கண் அசந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

குருவி நன்றாக இருக்கிறாள். டியூட்டியில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறாள். அப்படிக் கூப்பிடு என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் அக்கா என்று வாயெடுத்தாள், சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள், நான் நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான்.

இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். தையற்காரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயல வேண்டாம்.

உங்கள் பெரிய மகள்

ஜூன் 17

பெரியவளுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. அழுத்தி அடித்திருக்கிறாய்.

குருவி வந்திருந்தாள். சலவைக்குப் போகிற வேனில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டாள். உடனே அவளுக்கு மெமோ கொடுக்கப் பேனாவைத் தேடாதே, வீட்டுக்குள் வரவில்லை. எதிர்ச்சாரியில் நின்றாள், நான் மாடி ஜன்னலில். தெருவுக்குக் குறுக்கே கையாலேயே பேசிக்கொண்டோம். கீழே ஒரு சைக்கிள்காரன் அவள் வேனை நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்துத் தானும் நின்றான்.

அவள் கை எப்படிப் பேசும் என்று உனக்குத் தெரியும். காற்றிலே துணி உலர்த்துகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு நெஞ்சை விட்டுக் கை விலகவே இல்லை. தோல் உரிந்து கிடக்கிறது, கையுறையும் சோப்பும் தின்ற கை. விரலை மடக்கினால் வலிக்கிறது போலும், பாதிப் பேச்சை முகத்தாலேயே பேசினாள்.

நீ மெச்சிக்கொண்ட ஓய்வறையைப் பற்றிக் கேட்டேன். சிரித்தாள். யார் போய் அங்கே படுப்பது என்று கேட்டாள். அக்கா தலையை நிமிர்த்தினால் அந்தக் கட்டில்தான் தெரியும், அக்கா உட்கார்ந்தே யாரும் பார்த்ததில்லை, அவள் நிற்கும்போது நாங்கள் எப்படிப் போய் மல்லாந்து கிடப்பது என்றாள். எல்லாரும் துணிக்கிடங்கில் அழுக்கு மூட்டைமேல் சாய்ந்து தூங்குகிறார்களாம். கைக்குழந்தைக்காரி கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறாளாம். அழுகிறவர்களுக்கு லிஃப்ட். ஒருத்தி ஏறினால் மற்றவர்கள் படியில் போவார்களாம். அப்படி ஒரு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள் உன் உறுதியான பெண்கள்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டாள். நான் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டிவைத்தேன். அது ஆமாம் என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. உன்னிடம் சொல்லாமல் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அந்த ஆஸ்பத்திரிக்கு நீதானே ராணி.

அவளை எடுத்துவிடு. மறுபடியும் கேட்கிறேன்.

அப்பா

ஜூன் 22

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுதும் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. லிஃப்ட் என் அறையிலிருந்து ரொம்பத் தூரமில்லை. அது அடிக்கடி நடுமாடியில் நிற்பதைப் பார்த்து, பழுதென்று ஆளைக்கூட வரவழைத்தேன்.

நீங்கள் சொன்னதை அலட்சியம் செய்யவில்லை. உடனே காரியத்தில் இறங்கினேன். காலையில் டியூட்டி மாறும் நேரத்தில் எல்லாரையும் கூட்டினேன். "ஓய்வறை எல்லாருக்கும்தான். யாரும் தயங்க வேண்டாம். இன்னைக்கு முதல்ல என் தங்கச்சியே போய்ப் படுப்பாங்க" என்று சொன்னேன். வார்டுக்கு முதலில் அவளை அனுப்பியவள், ஓய்வுக்கும் முதலில் அவளை அனுப்பினால் சரியாகிவிடும் என்று என் கணக்கு.

அவள் போனாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் விறைப்பாக உட்கார்ந்தாள். நான் கண்ணாடிக்கு வெளியிலிருந்து, படு என்று கை காட்டினேன். படுத்தாள். கண் திறந்தே இருந்தது. வராந்தாவில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். எங்கள் மூத்த நர்ஸ், என்னைவிட வயதில் பெரியவர், என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "மேடம் வீட்டு ஆளுங்களுக்குக் கட்டில். நமக்கு மூட்டை."

நேரம் முடிந்ததும் குருவி என் மேசைக்கு வந்தாள். வேலையில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக அங்கே வைத்து என்னை அக்கா என்றாள்.

"அக்கா, அப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அது நேரா உன் மேசைக்கு வந்துருச்சு. இனிமே நான் யார்கிட்ட சொல்றது?"

அன்றிலிருந்து காய்ச்சலில் விழுந்த நர்ஸுகளின் டியூட்டியையும் தானே பார்ப்பதாக எழுதிக் கொடுக்கிறாள். ஒரு டியூட்டி முடிந்து உடையை மாற்றிக்கொண்டு அடுத்ததற்குள் நுழைகிறாள். சலுகைக்காரி என்ற பெயரை அழிக்கிறாள் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் ஆள் இல்லை அப்பா. மறுத்தால் அந்த வார்டில் யாரை நிறுத்துவது? கையெழுத்துப் போட்டேன்.

பெரிய மகள்

ஜூன் 30

பெரியவளே,

நான் சொன்ன முதல் வார்த்தையை எழுத முடியாதென்று தையற்காரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறாள். ____________ நீயே நிரப்பிக்கொள்.

மீன்தொட்டியில் போட்டு ஊருக்குக் காட்டியிருக்கிறாய் அவளை. சொல்லாதே என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் உன்னிடம் சொன்னேன். நீ ஊரைக் கூட்டிச் சொன்னாய். வாயாடி என்று பெயரெடுத்தவள் அவள். ஆனால் நம் மூன்று பேரில் வாயைக் கட்டத் தெரிந்தவளும் அவள்தான்.

ஒரு யோசனை சொல்கிறேன். அப்பனுக்கு மூச்சுத் திணறல், படுத்த படுக்கை, பார்க்க வேறு நாதியில்லை என்று எழுதி அவளுக்கு விடுப்புக் கொடு. அவள் மானமும் போகாது, உன் நியாயமும் கெடாது. தையற்காரம்மா இதற்குச் சாட்சி சொல்ல மாட்டேன் என்கிறாள். நான் மாடியில் தடதடவென்று நடக்கிற சத்தத்தில் அவளுக்கு ஊசி தவறுகிறதாம். அவளிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

பொய்தான். ஒரு பொய் சொன்னால் உன் காலர் கசங்கிவிடாது. சீக்கிரம் செய்.

அப்பா

ஜூலை 6

அப்பாவுக்கு,

தையற்காரம்மா, ஜன்னலைச் சாத்திவிட்டு இதைப் படியுங்கள்.

நீங்கள் சொன்ன பொய்யை எழுதுவதென்று முடிவு செய்தேன். தாளைக்கூட எடுத்துவைத்தேன். ஆள் கொஞ்சம் சேரட்டும், நாளைக்கு எழுதலாம் என்று நகர்த்திவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் அது நடந்தது. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸுகள் கட்டிலைச் சுற்றிக் கூடினால், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று சிரிக்கவைப்பவர். பக்கத்துக் கட்டில்காரருக்காக மருந்து கலந்து வைத்திருந்த டிரிப்ஸ் பாட்டிலைக் குருவி இவருக்கு மாட்டிவிட்டாள். இவருடைய இதயத்துக்கு ஆகாத மருந்து. என்னென்னவோ செய்து பார்த்தோம். வெளிச்சம் மங்குவதற்குள் போய்விட்டார்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை அப்பா. காய்ச்சலில் தினமும் யாராவது போகிறார்கள், இவரும் அப்படியே கணக்கில் சேர்ந்திருப்பார். அவளே அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கவச உடையைக்கூடக் கழற்றவில்லை.

"மேடம், நான் மாத்தி மாட்டிட்டேன்."

திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். நான் எழுந்து போய் அவள் தோளைத் தொட்டிருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். "உட்கார்" என்று மட்டும் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க நியாயமானவங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். தங்கச்சின்னு பாக்காம, அஜாக்கிரதைன்னு எழுதிக் குடுத்துருங்க. ஆஸ்பத்திரி பேர் தப்பிச்சுரும்" என்றார். நான் அப்படித்தான் எழுதுவேன் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. அதுதான் என்னை ஏதோ செய்கிறது.

நேற்று எனக்கும் தலை சுற்றியது. எதிரே இருக்கும் ஓய்வறைக்குப் போனேன். கட்டிலில் கை ஊன்றியதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு நர்ஸுகள் போவது தெரிந்தது. விரிப்பைச் சரிசெய்ய வந்தவள் போலப் பாவனை செய்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான் அமைத்த அறையில் என்னாலேயே படுக்க முடியவில்லை.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை விசாரணை.

மகள்

ஜூலை 8

பெரியவளுக்கு,

டிரைவர் கீழே காத்திருக்கிறான், இன்றைக்கே உன் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த மனுஷனை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவர் வீட்டிலும் யாராவது காத்து நிற்கிற ஒரு ஜன்னல் இருக்கும். அதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை. புத்தி சொல்லத் தெரிந்தால் சொல்லியிருப்பேன். போன கடிதத்தில் சொன்ன புத்தியின் லட்சணம்தான் தெரியுமே, பொய்.

ஒன்றுதான் தெரிகிறது எனக்கு. அவள் அஜாக்கிரதை என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதன் பிறகு இந்த வீட்டில் எனக்கு ஒரே மகள். தையற்காரம்மா இதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.

அப்பா

ஜூலை 19

அப்பாவுக்கு,

உங்கள் மிரட்டலுக்குப் பயந்து நான் செய்ததாக நினைக்க வேண்டாம். பயமாகத்தான் இருந்தது, அது வேறு.

விசாரணைக்குப் போகும்போது டியூட்டி சார்ட்டுகளைக் கையோடு எடுத்துப்போனேன். குருவியுடையதை மட்டுமல்ல, எல்லாருடையதையும். கைக்குழந்தைக்காரி, மூத்த நர்ஸ், ஒருவர் பாக்கியில்லை, எல்லாருக்கும் டியூட்டிக்குமேல் டியூட்டி. ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து. நான் சொன்னது இவ்வளவுதான்: "கூடுதல் டியூட்டி கேட்டவங்களுக்கு யோசிக்கத் தெம்பு இல்லை. அவங்களுக்குப் பதிலா யோசிக்கத்தான் எனக்கு இந்த நாற்காலி. நான் யோசிக்கலை. அன்னைக்கு மாத்தி மாட்டுன கை யாருதா வேணும்னாலும் இருந்திருக்கலாம்." பெரிய டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. தங்கையைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்றார் குழுவில் ஒருவர். மற்றவர்களின் சார்ட்டுகளை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

தப்பைக் குருவிமேல் மட்டும் போடாமல், மேட்ரன் பொறுப்பிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை வேலையும் இல்லை. நடந்ததைக் கண்டக்டரின் குடும்பத்துக்கு முறையாக எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டேன். தெரிவித்திருக்கிறார்கள்.

பொறுப்பை ஒப்படைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். கட்டில்களைக் கண்ணாடிக் கூடத்திலிருந்து எடுத்துத் துணிக்கிடங்கின் பின்னால் போடச் சொன்னேன். அங்கே ஜன்னல்கூடச் சின்னது. பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க நடந்துபோய், செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வருமென்று நினைக்கவில்லை. வந்துவிட்டது. குறட்டை வேறு விட்டேனாம். விழித்தபோது மற்றக் கட்டில்கள் நிறைந்திருந்தன. கைக்குழந்தைக்காரி சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ என் காலுக்குப் போர்வை போட்டிருந்தார்கள்.

இப்போது மூத்த நர்ஸ்தான் பொறுப்பு. அவர் போட்ட முதல் சார்ட்டில் தன் பெயருக்கு நேரே முதல் ஓய்வு நாளை எழுதினார். "என்ன பாக்கறீங்க? எனக்கு இடுப்பு போயிருச்சு. உங்களுக்கு என்ன வேணும்னு வாயைத் திறந்து சொல்லுங்க" என்றார். ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். காய்ச்சல் வார்டில் பாதி நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி பெரிய டாக்டரிடம் சண்டை போட்டு வாங்கியும்விட்டார். இத்தனை நாளும் என்னால் கேட்க முடியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது.

குருவி இதில் எதையும் பார்க்கவில்லை. நான் விசாரணையில் இருந்த நேரத்தில் வேலையை விடுவதாக எழுதி மேசைமேல் வைத்துவிட்டாள். பரிசோதனை முடிந்து, காய்ச்சல் இல்லை என்றதும் டிரைவர் அவளை அழைத்துவருவார். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவள் வந்துவிடுவாள். விடுதியில் போய்ப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். அடுக்கி முடிக்கும் வரை நின்றேன். முடித்துவிட்டு என்னைக் கடந்து போனாள்.

நான் வீட்டுக்கு வரலாமா? அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லும்வரை இங்கேயே இருக்கிறேன்.

உங்கள் மகள்

ஜூலை 26

மகளுக்கு,

உன் கடிதத்தைத் தையற்காரம்மா மாடிக்கு வந்து படிக்கவில்லை. என்னைக் கீழே கூப்பிட்டு, தையல் மெஷினை ஓடவிட்டுக்கொண்டு படித்தாள். குருவிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவளுக்கு எண்ணம்.

குருவி வந்து சேர்ந்தாள். வந்த அன்று படுத்தவள் மறுநாள் மாலையில்தான் எழுந்தாள். மூச்சு வருகிறதா என்று நான் இரண்டு தடவை விரலை வைத்துப் பார்த்தேன். எழுந்தால் கை கழுவுகிறாள். துடைக்கிறாள், மறுபடியும் கழுவுகிறாள். கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். நான் கையால் என்ன கேட்டாலும் பதில் தலையசைப்புதான். இந்த வீடு இத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. காது கேட்காதவனுக்கே அது தெரிகிறது என்றால் பார்த்துக்கொள்.

அக்காவிடம் சொன்னது நான்தான், அவள் யாரிடமும் தோண்டித் துருவவில்லை என்று குருவியிடம் சொன்னேன். தெரியும் என்பது போலப் பார்த்தாள். நீ விசாரணையில் சொன்னதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அக்கா வரலாமா என்று கேட்டேன். எழுந்துபோய்ச் சட்டியைக் கழுவினாள். அவளுக்கு உன்மேல் கோபம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை. கோபம் இருந்தால் தேவலை. என்னிடம் அதற்கு மருந்து இருக்கிறது, நாலு வார்த்தை திட்டிவிட்டால் போய்விடும். இது வேறு என்னவோ.

நேற்றுதான் கையை வெளியே எடுத்தாள். டிக்கெட் கிழித்துக் கொடுப்பது போலக் காட்டினாள். கண்டக்டர் என்று புரிந்துகொண்டேன். அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். மன்னிப்புக் கேட்கவா என்றேன். அதை எப்படிக் கேட்பது, கேட்டால் அவர்கள் கொடுக்க வேண்டியிருக்குமே, அதற்கில்லை என்றாள். நானும் கூட வருகிறேன் என்றேன், மாடிப்படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறவன். இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம், டியூட்டி போட்டவளும் வரணும் என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. மேடம் என்றும் சொல்லவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. மாடிக்கு வர வேண்டாம் என்கிறாள். கீழே தையற்கடை வாசலில் நில், அவள் இறங்கி வருவாள். வழியில் அவள் பேசாமல் வந்தால் நீயும் பேசாமல் வா. அந்த வீட்டில் கதவைத் திறக்காமல் போகலாம். திட்டலாம். கை நீட்டினாலும் நீட்டலாம். எது கிடைத்தாலும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். நீ ஓரடி முன்னால் போய் நிற்காதே. அவளையும் முன்னால் நிறுத்தாதே.

அப்பா